கொடியை உடுத்துன ஹீரோவுக்கு ஒரு ஊர் வேணும்

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல், பள்ளத்தூர்னு சுத்துவட்டாரத்துல இந்நேரம் ரேடியோவ வச்சுக்கிட்டே கைவேலையப் பாத்துக்கிட்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பேச வாங்கன்னு கூப்பிட்டவங்க தலைப்பு என்னன்னு கேட்டப்ப நான் யோசிக்கவே இல்ல, காமிக்ஸ்னு சொல்லிட்டேன். அதுலயும் நாட்டுக் கொடியவே டிரெஸ்ஸா மாட்டிக்கிட்டு வர்றானே ஒரு ஹீரோ, அவனப் பொஸ்தகத்துலருந்து சினிமாவுக்கு எப்படிக் கொண்டு வர்றது, அதுவும் தனியா இல்லாம இன்னும் பத்துப் பதினஞ்சு ஹீரோவோட ஒரே சினிமா உலகத்துக்குள்ள எப்படிக் கொண்டு வர்றது, இதத்தான் பேசப் போறேன். சின்ன வயசுலருந்து மனசுல கிடக்குற விஷயம் இது.

இந்த யுனிவர்ஸ், யுனிவர்ஸ்னு இப்ப எல்லாப் பயலும் சொல்றாங்கள்ல, வீட்ல பெரியவங்களுக்கு அது என்னன்னு ஒரு குழப்பம் இருக்கும். நம்ம ஊர் ஐயனார் கோயில நினைச்சுக்கங்க. ஐயனார் இருக்காரு, கருப்பர் இருக்காரு, முன்னோடி, சன்னாசி, காளின்னு ஒரு கூட்டமே ஒரே எல்லைக்குள்ள இருக்கு, ஆளுக்கு ஒரு கதை, ஆளுக்கு ஒரு படையல். ஆனா ஒருத்தரு இருக்கிறத இன்னொருத்தரு மதிச்சாகணும். கருப்பருக்குக் கிடா வெட்டுறதுக்கு முன்னாடி ஐயனாருக்கு முன்னால திரையப் போட்டுருவாங்க, ஏன்னா அவரு சைவம். இந்தத் திரை இருக்கு பாத்தீங்களா, அதுதான் யுனிவர்ஸ். ஒரு சாமியோட வழக்கம் இன்னொரு சாமியோட வழக்கத்த அழிக்காம எல்லாரும் ஒரே இடத்துல இருக்கிறது. அமெரிக்காவுல காமிக்ஸ் போடுற மார்வெல் கம்பெனிக்காரங்க 2008ல அயர்ன் மேன் படத்துல, பேரெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் ஒரு ஆளக் கொண்டாந்து, இன்னும் நிறையப் பேர் இருக்காங்கப்பான்னு சொல்ல வச்சாங்க. 2012ல அவெஞ்சர்ஸ்னு அத்தனை பேரையும் ஒரே படத்துல நிறுத்துனாங்க.

அந்தக் கூட்டத்துல ரொம்பச் சிக்கலான ஆளு யாருன்னா கேப்டன் அமெரிக்காதான். மத்தவங்களுக்கெல்லாம் வேற வேற அடையாளம் இருக்கு, ஒருத்தன் பணக்காரன், ஒருத்தன் இடிக்கடவுள், ஒருத்தன் கோவம் வந்தா பச்சையாகிருவான், எந்த ஊர்க்காரன் பாத்தாலும் புரியும். இவனுக்குப் பேர்லயே நாடு இருக்கு. நெஞ்சுல நட்சத்திரம், வயித்துல கோடு, கையில கேடயம். காரைக்குடி தியேட்டர்ல உக்காந்திருக்கிற பையன் எதுக்கு இன்னொரு நாட்டுக் கொடிக்குக் கைதட்டணும்? அவங்களுக்கே இந்த யோசனை இருந்துச்சு. 2011ல முதல் படம் வந்தப்ப ரஷ்யாவுலயும் உக்ரைன்லயும் தென் கொரியாவுலயும் கேப்டன் அமெரிக்காங்கிற பேரையே எடுத்துட்டு, முதல் அவெஞ்சர்ங்கிற மிச்சத்த மட்டும் வச்சுத்தான் வெளியிட்டாங்க.

நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு இதோட சேத்துச் சொல்லணும். 1972ல சிவகாசியிலருந்து முத்து காமிக்ஸ் வந்துச்சு, முதல் புஸ்தகமே இரும்புக்கை மாயாவி. கரண்ட் ஷாக் அடிச்சா உடம்பு மறைஞ்சு போகும், இரும்புக் கை மட்டும் தனியா அந்தரத்துல தெரியும். அவன் இங்கிலாந்துக்காரன், அங்க 1962ல வந்த கதை. நம்ம ஊர்ல யாராவது அவன் எந்த நாடுன்னு கேட்டமா? கேக்கல. அந்தக் கை நம்ம கையா ஆகிருச்சு. அதே மாதிரி இந்திரஜால் காமிக்ஸ் 1964ல வேதாளத்த, அதான் ஃபேன்டம்ங்கிற முகமூடி ஹீரோவ, கொண்டு வந்தப்ப, அந்த ஆளோட காட்டுக்கு மூலத்துல வங்காளத்த நினைவுபடுத்துற மாதிரி பங்கல்லான்னு பேர் இருந்துச்சு, இங்க அத டெங்காலின்னு மாத்திட்டாங்க. ஒரே ஒரு பேர மாத்துனதும் அது யாருக்கும் உறுத்தாத காடாயிருச்சு. ஊர் பேரு, நாட்டுப் பேரு எவ்வளவு கூசுற இடம்னு அந்தக் காலத்து எடிட்டருக்கே தெரிஞ்சிருக்கு. அப்ப பேர்லயே நாட்ட வச்சிருக்கிறவன என்ன பண்றது?

மூலத்துக்குப் போவோம். ஜோ சைமன், ஜாக் கிர்பின்னு ரெண்டு பேரு, ரெண்டு பேருமே வெளிநாட்டுலருந்து குடியேறுன யூதக் குடும்பத்துப் பசங்க, நியூயார்க்ல படம் வரைஞ்சு பொழைக்கிறவங்க. 1941 மார்ச்னு தேதி போட்ட முதல் புஸ்தகத்தோட அட்டையிலயே கேப்டன் அமெரிக்கா ஹிட்லரோட மூஞ்சியில குத்து விடுறான். அது கடைக்கு வந்தது 1940 டிசம்பர். அமெரிக்கா அப்ப போர்லயே இல்ல நேயர்களே, பேர்ல் ஹார்பர் நடந்தது 1941 டிசம்பர், அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இந்தப் பசங்க குத்திட்டாங்க. அவங்க ஊர்லயே ஹிட்லர் அனுதாபிங்க இருந்தாங்க, மிரட்டல் வந்துச்சு, போலீஸ் காவல் போடுற அளவுக்குப் போச்சு. அப்ப இது அரசாங்கம் சொல்லி வரைஞ்ச படம் இல்ல, அரசாங்கம் இன்னும் முடிவெடுக்காத விஷயத்த முன்னாடியே சொன்ன படம். இத மனசுல வச்சுக்கங்க, நான் திரும்பத் திரும்ப இதுக்குத்தான் வருவேன். நாடு வேற, அரசாங்கம் வேற. கொடியப் போட்டவன் நாட்டுக்கு ஆளா, அரசாங்கத்துக்கு ஆளாங்கிறதுதான் கேள்வியே.

முன்னாடி சினிமாவுல முயற்சி பண்ணாம இல்ல. 1944லயே வாராவாரம் ஓடுற தொடர்படமா எடுத்தாங்க, அதுல கேப்டனோட நிஜப் பேரான ஸ்டீவ் ரோஜர்ஸ்ங்கிற ஆளே கிடையாது, கேடயமும் கிடையாது, அரசு வக்கீல் ஒருத்தரு முகமூடி போட்டுக்கிட்டுத் துப்பாக்கியோட வர்றாரு. 1990ல ஒரு படம் எடுத்தாங்க, அதுல ஜெர்மன்கார வில்லனான ரெட் ஸ்கல்ல இத்தாலிக்காரனா மாத்திட்டாங்க. டிரெஸ் மட்டும் மிஞ்சுச்சு, உள்ள ஆள் இல்ல. ஆகவே அந்தப் படங்கள விட்ருவோம்.

2011 படத்துக்கு வர்றேன், இதப் பத்தி எனக்குப் பேசிக்கிட்டே இருக்கத் தோணும். அந்த டிரெஸ் இருக்கு பாருங்க, காகிதத்துல அழகா இருக்கும், நிஜ மனுஷன் போர்க்களத்துல அதப் போட்டா எவன் நம்புவான்? சிவப்பு, வெள்ளை, நீலம், தலையில சின்னதா இறக்கை, எதிரி ஒரு மைல் தூரத்துலருந்தே சுட்டுருவான். இதுக்கு டைரக்டர் ஜோ ஜான்ஸ்டனும் எழுதுனவங்களும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, எனக்குத் தெரிஞ்சு காமிக்ஸ்லருந்து சினிமாவுக்கு வந்த யோசனையிலயே இதுதான் உச்சம். என்ன பண்ணாங்கன்னா, அந்த டிரெஸ்ஸ முதல்ல நாடக டிரெஸ்ஸா ஆக்கிட்டாங்க.

கதை இப்படிப் போகுது. ப்ரூக்ளின் நோஞ்சான் பையன் ஸ்டீவ், ஊசி போட்டு பெரிய உடம்பு ஆகிடுறான். ஆனா அந்த மருந்த உண்டாக்குன டாக்டர் செத்துப் போயிடுறாரு, ராணுவத்துக்கு ஒரே ஒரு ஆள் போதாது, அப்ப இவன என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு அரசியல்வாதி இவனக் கூட்டிட்டுப் போய் ஸ்டேஜ்ல நிறுத்திடுறாரு. போர்க் கடன் பத்திரம் விக்கிறதுக்கு. பின்னாடி பொண்ணுங்க வரிசையா ஆடுறாங்க, பாட்டு ஓடுது, இவன் அந்தக் கலர் டிரெஸ்ஸ மாட்டிக்கிட்டு, கையில முக்கோணமா ஒரு கேடயத்த வச்சுக்கிட்டு வசனம் சொல்றான். வசனம் மனப்பாடம் ஆகல. கேடயத்துக்கு உள்பக்கம் காகிதத்துல எழுதி ஒட்டி வச்சிருக்கான், அத எட்டி எட்டிப் பாத்துப் படிக்கிறான்! கேடயம் அவனக் காப்பாத்துற பொருளா இன்னும் ஆகல, அரசாங்கம் எழுதிக் குடுத்தத வாசிக்கிற அட்டைதான் அது. இத யாரும் விளக்கிச் சொல்றதில்ல, பாத்தாலே புரியுது. அப்புறம் ஸ்டேஜ்ல ஹிட்லர் வேஷம் போட்ட ஆள் பின்னாடி பூனை மாதிரி வர்றான், இவன் திரும்பி ஒரு குத்து விடுறான், கூட்டம் கத்துது. அந்த 1941 அட்டைப்படத்த அப்படியே நாடகமா மாத்திட்டாங்க. சின்னப் பசங்க அந்தக் காமிக்ஸையே கையில வச்சுப் படிக்கிற மாதிரியும் ஒரு காட்சி வரும். ஆக காமிக்ஸ் ஹீரோவ அந்த உலகத்துல முதல்ல காமிக்ஸ் ஹீரோவாவே காட்டிட்டாங்க.

அதுக்கப்புறந்தான் முக்கியம். 1943, இத்தாலி, போர்முனை, மழை, சேறு. நிஜமா சண்டை போட்டு, கூட இருந்தவங்களப் பறிகொடுத்துட்டு வந்த சிப்பாய்ங்க உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாடி இவன் அதே நாடகத்தப் போட வர்றான். என்ன ஆகும்? தக்காளி பறக்குது, போடா, அந்தப் பொண்ணுங்களக் கூப்புடுன்னு கத்துறாங்க. இவன் பின்னாடி போய்த் தனியா உக்காந்து நோட்டுல படம் வரையிறான். என்ன வரையிறான்னா, ஒரு குரங்கு, அவனோட டிரெஸ்ஸ மாட்டிக்கிட்டு ஒத்தச் சக்கர சைக்கிள் ஓட்டுது. பாருங்க, ரெண்டு விநாடிதான் அந்தப் படம் திரையில இருக்கும், அந்த ரெண்டு விநாடியில முழுப் படமும் இருக்கு. கொடியப் போத்துனதால மட்டும் எவனும் வீரனாகிற மாட்டான்னு அந்தக் குரங்கு சொல்லுது.

அப்புறம் கூட்டாளி பக்கி எதிரிகிட்ட மாட்டிக்கிட்டான்னு தெரியிது, மேலதிகாரி போக முடியாதுன்னு சொல்றாரு, இவன் அந்த நாடக டிரெஸ் மேலயே ஒரு தோல் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு, ஸ்டேஜ்ல வச்சிருந்த அந்த முக்கோண அட்டையவே எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுறான். உத்தரவ மீறிப் போறான் நேயர்களே. கைதிங்க நூத்துக்கணக்குல இவன் பின்னாடி நடந்து வர்றாங்க. டிரெஸ் அதே டிரெஸ்தான். அரசாங்கம் மாட்டிவிட்டப்ப அது வேஷம், அவனா முடிவெடுத்துப் போனப்ப அது அவன் சட்டையாயிருச்சு.

கேடயத்தப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், நேரம் இருக்கா தம்பி? இருக்குங்கிறாரு. முதல் காமிக்ஸ்ல கேடயம் முக்கோணமாத்தான் இருந்துச்சு. அதே நேரத்துல இன்னொரு கம்பெனியில ஷீல்டுன்னே பேர் வச்சு ஒரு கொடி ஹீரோ ஏற்கனவே வந்துக்கிட்டிருந்தான், 1940லயே வந்துட்டான், அவன் நெஞ்சு அப்படியே அந்த வடிவத்துல இருக்கும். அவங்க ஆட்சேபம் பண்ணவும் இவங்க ரெண்டாவது புஸ்தகத்துலயே வட்டமா மாத்திட்டாங்க. ஒரு தகராறுல பொறந்ததுதான் அந்த வட்டக் கேடயம், அதுதான் பிறகு வீசுனா சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற உலகப் பிரசித்தியான ஆயுதமாச்சு. படத்துலயும் முக்கோணத்துலருந்துதான் ஆரம்பிக்கிறாங்க, வில்லன் ஒரு குத்துக் குத்துனதும் அது நசுங்கிப் போயிருது, அதுக்கப்புறம் உருப்படியான உலோகத்துல வட்டக் கேடயம் வருது. ரெண்டு கம்பெனிக்கு நடுவுல நடந்த பஞ்சாயத்த எவ்வளவு இயல்பாக் கதைக்குள்ள இறக்கிட்டாங்க பாருங்க. தழுவி எடுக்கிறதுன்னா இது. மூலத்துல தற்செயலா நடந்ததுக்குப் படத்துல ஒரு காரணத்தக் கண்டுபிடிக்கிறது.

நாட்டுப்பற்ற சினிமாவுக்குள்ள எப்படி வைக்கிறதுன்னு நம்ம மண்ணுக்கு யாரும் புதுசாச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, அதையும் இந்த இடத்துல சொல்லிடுறேன். ஏவி.எம். செட்டியார் உலகப்போர் சமயத்துல காரைக்குடிக்கு வந்து தேவகோட்டை ரஸ்தாவுல ஸ்டுடியோ போட்டு எடுத்த படம் நாம் இருவர். 1947 ஜனவரியில வந்துச்சு, சுதந்திரத்துக்கு ஏழு மாசம் முன்னாடி. கதையப் பாத்தா குடும்பக் கதை, ப. நீலகண்டன் எழுதுன நாடகம். அதுக்குள்ள செட்டியார் பாரதியார் பாட்ட வச்சாரு, டி.கே. பட்டம்மாள் பாட, சின்னப் பொண்ணு குமாரி கமலா ஆட, சுதந்திரம் வந்துருச்சுன்னு பாடுற பாட்டு, நாடு இன்னும் வெள்ளக்காரன் கையில இருக்கறப்பவே. அமெரிக்காவுல சைமனும் கிர்பியும் அரசாங்கத்துக்கு முன்னாடியே குத்துனாங்கன்னு சொன்னேன்ல, இங்கயும் அரசாங்கம் மாறுறதுக்கு முன்னாடியே கொண்டாடிட்டாங்க. ரஸ்தா வழியா பஸ்ல போறவங்க அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாருங்க, நாட்டுப்பற்றுப் படத்துக்கு நம்ம ஊரு ஒரு பிறந்த ஊரு.

சரி, அடுத்த கட்டம். படம் ஒண்ணு ஜெயிச்சாச்சு, இப்ப இவன மத்தவங்களோட சேக்கணும். 2012 படத்துல இவன எங்க முதல்ல சண்டைக்கு இறக்குறாங்க தெரியுமா? ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்ல. வில்லன் லோகி எல்லாரையும் மண்டி போடச் சொல்றான், கூட்டமே மண்டி போடுது, ஒரு வயசான ஜெர்மன்காரரு மட்டும் எந்திரிச்சு நின்னு, உன்னை மாதிரி ஆளுங்களுக்கு முன்னாடி முடியாதுங்கிறாரு. அவர அடிக்கப் போறப்ப கேப்டன் வந்து குறுக்க விழுந்து கேடயத்தப் பிடிக்கிறான். அமெரிக்கக் கொடியோட ஆளு, ஒரு ஜெர்மன் கிழவரக் காப்பாத்துறான். எந்த நாட்டோட சண்டை போட்டு இவன் பேரெடுத்தானோ அந்த நாட்டு மனுஷனுக்கு நிக்கிறான். இந்த ஒரு காட்சியில இவன் எல்லாருக்கும் ஆளாயிட்டான்.

அதுக்கப்புறம் அவன அரசாங்கத்தோடயே முட்ட விட்டாங்க. காமிக்ஸ்லயே இது இருக்கு. 1974ல, வாட்டர்கேட் ஊழல் நாறிக்கிட்டிருந்தப்ப, ஸ்டீவ் எங்கில்ஹார்ட்ங்கிறவர் எழுதுன கதையில சதியோட வேரு வெள்ளை மாளிகை வரைக்கும் போகுது, மனசு ஒடிஞ்ச கேப்டன் அந்தப் பேரே வேணாம்னு கழட்டி வச்சிட்டு நோமட்னு, நாடோடின்னு, வேற பேர்ல சுத்துறான். சினிமாவுல 2014ல தான் வேலை பாக்குற உளவு அமைப்புக்குள்ளயே எதிரி இருக்கிறதக் கண்டுபிடிக்கிறான், 2016ல சூப்பர் ஹீரோ எல்லாரும் அரசாங்கத்துக்குக் கட்டுப்படணும்னு ஒப்பந்தம் வந்தா கையெழுத்துப் போட மாட்டேங்கிறான், 2018ல பாத்தீங்கன்னா தாடி வளத்துக்கிட்டு, நெஞ்சுல அந்த நட்சத்திரத்தையே பிய்ச்சு எடுத்த சட்டையோட வர்றான். நட்சத்திரம் இருந்த இடம் மட்டும் தெரியும். கொடியக் கழட்டுனப்பதான் அவன் அந்தக் கொடிக்கு உண்மையா இருந்த மாதிரி எனக்குப் படுது.

இதுக்கு எதிர்த் திசையில ஒண்ணு. 2021ல கேப்டனோட கூட்டாளிங்களான ஃபால்கனையும் வின்டர் சோல்ஜரையும் வச்சு ஒரு தொடர் வந்துச்சு, வீட்ல பசங்க பாத்திருப்பாங்க. அதுல அரசாங்கம் ஜான் வாக்கர்னு ஒருத்தனத் தேர்ந்தெடுத்து கேடயத்தக் கையில குடுக்குது. நல்ல சிப்பாய், பதக்கமெல்லாம் வாங்குனவன். கூட்டாளி செத்த கோவத்துல, கையத் தூக்கிட்டுக் கிடக்குற ஒருத்தன, நடுச் சதுக்கத்துல, ஜனங்க செல்போன்ல படம் பிடிச்சுக்கிட்டிருக்க, அந்தக் கேடயத்தாலயே அடிச்சுக் கொன்னுடுறான். நிமிந்து நிக்கிறான், கேடயத்தோட கீழ் ஓரத்துல ரத்தம். நட்சத்திரம் சுத்தமா இருக்கு, விளிம்புல ரத்தம். கொடி ஹீரோ கதையில எவ்வளவு பெரிய ஆபத்து ஒளிஞ்சிருக்குன்னு அவங்களே வரைஞ்சு காட்டுன இடம் அது. நம்ம ஆளுங்க யாராவது மூவர்ணம் உடுத்துன ஹீரோவ எடுக்க நினைச்சா இந்தக் காட்சிய மட்டும் பத்துத் தடவ பாக்கணும்னு சொல்லுவேன். இந்தியிலயும் ராஜ் காமிக்ஸ்ல திரங்கான்னு ஒருத்தன் இருக்கான், மூவர்ண டிரெஸ்ஸு, கேடயம், எல்லாம் இருக்கு. அவனப் படமா எடுத்தா அவன எந்த அநியாயத்துக்கு முன்னாடி நிறுத்துவாங்கங்கிறதுதான் எனக்குக் கவலை. எதிரி எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டுந்தான் இருக்கான்னு எடுத்தா அது நாடக மேடையிலயே நின்னுரும்.

மத்த நாட்டு ஆளுங்கள இந்த உலகத்துக்குள்ள எப்படிக் கொண்டாந்தாங்கன்னா, ரெண்டு விதமா நடந்திருக்கு. பிளாக் பேந்தர், 1966ல காமிக்ஸ்ல வந்தவன், வகாண்டான்னு கற்பனை நாடு. 2018ல ரயன் கூக்லர் எடுத்தப்ப அந்தக் கற்பனை நாட்டுக்கு நிஜ மண்ண அள்ளிப் போட்டாரு. அவங்க பேசுறது கோசா பாஷை, தென்னாப்பிரிக்காவுல ஜனங்க பேசுற பாஷை. எல்லையில இருக்கிற குலத்துக்காரங்க போத்தியிருக்கிற போர்வை லெசோத்தோ நாட்டுல நிஜமாப் போத்துற பசோத்தோ போர்வை. அந்த உடுப்பெல்லாம் செஞ்ச ரூத் கார்ட்டருக்கு ஆஸ்கர் கிடைச்சது. நான் அந்தப் போர்வையப் பாத்தப்ப நம்ம கண்டாங்கிச் சேலைதான் ஞாபகம் வந்துச்சு, அரக்கும் மஞ்சளும் கறுப்பும், கட்டம் போட்டு, எட்டத்துலருந்து பாத்தாலே எந்த ஊர்ச் சேலைன்னு சொல்லிடலாம். 2019ல புவிசார் குறியீடும் கிடைச்சிருச்சு. கொடிய விட துணி அதிகமாச் சொல்லும், அதுதான் சங்கதி.

இன்னொரு விதம், எடர்னல்ஸ் படத்துல கிங்கோ. காமிக்ஸ்ல அவன் ஜப்பான்ல சாமுராய் படத்துல நடிக்கிறவன், 2021 படத்துல அவன பம்பாய் சினிமா ஸ்டாரா மாத்துனாங்க, ஒரு டான்ஸு வச்சாங்க. நம்ம நாட்டுக்கு ஒரு இடம் கிடைச்சதுன்னு பசங்க சந்தோஷப்பட்டாங்க, நான் அத வேணாங்கல. ஆனா ஊர் இல்ல, வீடு இல்ல, வீட்ல பேசுற பேச்சு இல்ல. அதே கம்பெனிதான் அடுத்த வருஷம் மிஸ் மார்வெல் எடுத்தாங்க, அமெரிக்காவுல வளர்ற பாகிஸ்தான் குடும்பத்துப் பொண்ணு, அவளோட சக்தி பாட்டியோட அம்மா வளையல்லருந்து வருது, அந்த வளையல் 1947 பிரிவினை ரயில் வரைக்கும் அவளக் கூட்டிட்டுப் போகுது, பிளாட்பாரத்துல ஜனங்க குடும்பத்தத் தேடி ஓடுறாங்க. இதுல எங்கயும் கொடி இல்ல. ரெண்டு நாட்டோட கதையும் இருக்கு.

இதப் பாத்தப்பதான் எனக்கு நம்ம வீட்டுக் கதையெல்லாம் கொதிச்சு மேல வந்துச்சு. நம்ம செட்டிநாட்டுல எத்தனை வீட்ல கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டித் தொழிலுக்கு, போன கதை இருக்கு. ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு. எங்க ஐயா ரங்கூன்ல பெட்டியடியில இருந்தவுக. 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப பர்மாவுலருந்து நம்ம ஜனங்க காடு மலைன்னு நடந்தே வந்தாங்க, வழியில செத்தவங்களுக்குக் கணக்கில்ல. வந்து சேந்தவங்க வீட்டு முகப்புல பர்மாத் தேக்குத் தூண் நிக்கிது, அந்த நாட்டுக்கு அவங்கள்ல நிறையப் பேரால திரும்பப் போக முடியல. இந்த மனுஷங்களுக்கு நாடு எது? இந்தக் கேள்விய வச்சுக்கிட்டு ஒரு ஹீரோ வந்தா அவன் எந்தக் கொடிய உடுத்துவான்? எழுதுற புள்ளைங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா உங்க வீட்டு ஆயாகிட்ட உக்காந்து கேளுங்க, பொட்டகத்துல இருக்கிற பழைய கடுதாசியெல்லாம் எடுத்துப் பாருங்க.

இன்னும் பக்கத்துல வாங்க. சிறுவயல். மஞ்சுவிரட்டுக்கு எல்லாரும் போற சிறுவயல்தான். சின்ன மருது இருந்த ஊர். ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி தன்னோட நினைவுகள எழுதி 1830ல புஸ்தகமாப் போட்டாரு, அதுல சின்ன மருதப் பத்தி எழுதுறாரு. அரண்மனைக்குக் காவலே கிடையாதாம், யாரு வேணா உள்ள போய்ப் பாத்துப் பேசலாமாம். ஈட்டி எறியவும், வளரி வீசவும் எனக்கு முதல்ல கத்துக் குடுத்தது அவர்தான்னு எழுதுறாரு. வளரி தெரியும்ல, பிறை மாதிரி வளைஞ்ச ஆயுதம், ஒரு முனை கனமா இருக்கும், சுழட்டி விட்டா எதிராளி காலச் சாய்ச்சிரும். அத அந்த வெள்ளைக்கார இளைஞனுக்குச் சின்ன மருது கையப் பிடிச்சுக் கத்துக் குடுக்குறாரு. சில வருஷம் கழிச்சு, 1801ல, அதே வெல்ஷ் இவர வேட்டையாடுற படையில இருக்கான். தொடை எலும்பு முறிஞ்சு கைதியாக் கிடந்த நிலையில தன் குருவ அவனே பாத்திருக்கான், பாத்து வருத்தப்பட்டு எழுதியிருக்கான். அக்டோபர் 24, திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க. குருவும் சிஷ்யனும் எதிரும் புதிருமா நிக்கிறதுக்கு எந்தக் காமிக்ஸ் எழுத்தாளனும் கற்பனை பண்ண வேண்டியதில்ல, பஸ் ஏறுனா அரைமணி நேரத்துல போற தூரத்துல நடந்திருக்கு.

அதே வருஷம் ஜூன் 16ல மருது ஒரு அறிக்கை விட்டாரு, திருச்சிக் கோட்டைச் சுவத்துலயும் ஸ்ரீரங்கம் கோயில்லயும் ஒட்டுனாங்க. ஜம்புத் தீவுல இருக்கிற எல்லாருக்கும்னு, எல்லாச் சாதிக்கும், எல்லா மதத்துக்கும் எழுதுனது. அப்ப இந்தியான்னு இன்னைக்கு இருக்கிற மேப்பு கிடையாது, மூவர்ணம் கிடையாது. ஆனா நாடுங்கிற எண்ணம் அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கு. கொடி பொறக்குறதுக்கு முன்னாடி வந்த நாட்டு ஹீரோ! இவர எடுக்கறப்ப எந்தக் கலர் டிரெஸ் போடுறதுங்கிற தலைவலியே இல்ல, வேட்டியும் வளரியும் போதும். 1780ல சிவகங்கையத் திரும்பப் பிடிச்ச வேலு நாச்சியாரும் இதே உலகத்துல இருக்காங்க, அவங்க விருப்பாச்சியில தங்கி ஹைதர் அலிகிட்ட உதவி கேட்ட கதை இருக்கு, அப்ப மைசூர்க் கதையும் ஒட்டிக்கும். யுனிவர்ஸ் தானா விரியிது, யாரும் இழுக்க வேண்டியதில்ல. கேரளாவுல 2025ல லோகான்னு எடுத்தாங்க, கள்ளியங்காட்டு நீலிங்கிற அவங்க ஊர்ப் பழங்கதைய எடுத்து இன்னைக்கு பெங்களூர்ல ஒரு பொண்ணா நடமாட விட்டு, அடுத்து குட்டிச்சாத்தான் வருவான்னு தொடர்ச்சியும் போட்டாங்க, ஜனங்க கொண்டாடுனாங்க. ஊர்க் கதை உலகத்துக்குப் புரியாதுன்னு சொல்றவங்களுக்கு அந்தப் படம் ஓடுன ஓட்டத்தக் காட்டணும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலருந்து தம்பி ரெண்டு விரலக் காட்டுறாரு, ரெண்டு நிமிஷம். நான் இன்னும் கனடாக்காரங்க கூட்டத்தையும் பிரிட்டனையும் ரஷ்யாவையும் பேசணும்னு குறிச்சிட்டு வந்தேன். ஓட்டமாச் சொல்லிடுறேன். ரெட் கார்டியன், 1967ல காமிக்ஸ்ல வந்த சோவியத் ஹீரோ, கேப்டன் அமெரிக்காவுக்குப் பதிலா அவங்க நாடு உண்டாக்குனவன். 2021ல பிளாக் விடோ படத்துல அவன் ஜெயில்ல இருக்கான், தொப்பை போட்டுருச்சு, சிவப்பு டிரெஸ் பத்த மாட்டேங்குது, தன் நாடே இல்லாமப் போயிருச்சு. ஆனாலும் மாட்டிக்கிட்டு நிக்கிறான், வளத்த பொண்ணுங்க முன்னாடி. நாடு போனப்புறமும் கொடி ஹீரோவுக்கு என்ன மிச்சம்னு கேக்குற பாத்திரம் அது, அதுக்குன்னு தனியா ஒரு நாள் வேணும். கேப்டன் பிரிட்டன், 1976ல பொறந்தவன், அவன இன்னும் படத்துல கொண்டு வரல, முதல் படத்து நாயகி பெக்கி கார்ட்டர் கையில பிரிட்டன் கொடி போட்ட கேடயத்தக் குடுத்து 2021ல கார்ட்டூன்லயும் 2022ல படத்துலயும் காட்டுனாங்க. இஸ்ரேல் ஹீரோ சப்ரா 2025 படத்துல வந்தப்ப அந்தப் பட்டப்பேரும் இல்ல, கொடி டிரெஸ்ஸும் இல்ல, அமெரிக்க அரசாங்கத்துல வேலை பாக்குறவளா மாத்திட்டாங்க. அப்படிக் கழட்டுனதுல பாத்திரத்துக்கு என்ன நின்னுச்சு, என்ன போச்சுங்கிறதையும் பேச வந்தேன். கனடாக்காரங்க ஆல்ஃபா ஃபிளைட், அவங்கள இன்னும் தொடவே... சரி, சரி தம்பி, முடிச்சிடுறேன். சிறுவயல் கதைய எழுத நினைக்கிறவங்க வெல்ஷோட புஸ்தகத்தத் தேடிப் படிச்சிட்டு ஆரம்பிங்க. கேட்டுக்கிட்டிருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.